மலைநாட்டு ஜீப்புக்கு ஒரு கவசம்

‘கவச வாகனம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்திலே முதலில் எழுவது போரின் நினைவு. குண்டும் கண்ணிவெடியும் தாக்காதவாறு தடித்த உருக்குத் தகடு போர்த்த படைவண்டிகளை 1983 முதல் 2009 வரை இந்நாட்டு மக்கள் கண்டு சலித்துவிட்டனர். நாம் இங்கே கூறப்புகுவது அத்தகைய கவசமன்று. பதுளையிலிருந்து பசறைக்கும், அங்கிருந்து மடூல்சீமை, லுணுகலைப் பக்கத்து மலைகளுக்கும், பண்டாரவளை, அப்புத்தளைச் சரிவுகளில் உள்ள தோட்டங்களுக்கும் ஏறி இறங்குகின்ற ஜீப்புகளுக்கும் லாண்ட் ரோவர்களுக்கும் பூட்டப்படுகின்ற எளிய தகட்டுக் காப்பைப் பற்றியே கூறப்போகிறோம். இது குண்டுக்குக் காப்பன்று. கல்லுக்கும், கட்டைக்கும், கானோரத்து விளிம்புக்கும் காப்பு.

கவசம் என்றால் நன்மைதானே, பூட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. அறிந்து பூட்டிய தகடு ஊர்தியின் ஆயுளை நீட்டும். அறியாது பூட்டிய தகடோ, தான் காக்க வந்த மேனியையே மறைவில் இருந்துகொண்டு தின்றுவிடும். அது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்தி வைத்திருப்போருக்கு இது பயன்படும் செய்தி. மாணவருக்கோ, பள்ளியில் படிக்கும் இரசாயனம் பாதையோரத்தில் வேலை செய்வதைக் காணும் வாய்ப்பு.

எதிரி எங்கே இருக்கிறான்?

கவசம் செய்பவன் முதலில் எதிரியை அறிதல் வேண்டும். ஊவா மலைப்பாதையின் எதிரிகளை அறிய அப்பாதையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886ஆம் ஆண்டில். அக்காலத்தில் கோப்பியும் பின்னர் தேயிலையும் மாட்டு வண்டிகளிலேதான் மலையிறங்கின. அந்த வண்டிச் சக்கரங்களைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை ஏற்றி, நீரூற்றி இறுக்குவான் கொல்லன். மலைப்பாதையில் மரத்துக்கு இரும்பு அணிவித்த முதற் கவசம் அதுவே எனலாம்.

புகையிரதம் பதுளையை வந்தடைந்தது 1924இல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து, தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் பாதைக்கு அடியிலேயே புகுந்து வருகின்ற அந்தப் புகையிரதத்தைக் காண இன்று உலகமே வருகின்றது. ஆனால் புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து மலையுச்சி லயங்களுக்கும் செல்வது தோட்டத்துப் பாதை. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அதனைப் பார்த்து நிற்கும் நமுனுகுலை மலையோ 2,000 மீற்றருக்கு மேற்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதைகள் பாம்பு போல் வளைந்து செல்வதன்றி வேறென்ன செய்யும்?

அப்பாதையின் ஒரு பக்கம் மலைச்சுவர்; மறுபக்கம் பள்ளம். சுவரோரமாக ஓடுகிறது கான். எதிரே கொழுந்து லொறி வந்துவிட்டால் ஜீப் சுவரோரம் ஒதுங்கவேண்டும். அப்பொழுது கானின் கல்விளிம்பு ஊர்தியின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையாயின், பாதையோரச் செடிகளின் மொட்டைக் கட்டைகள் ஈட்டி முனைகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் தெறிக்கவிடும் சரளைக் கல், பின் மட்கார்ட்டுக்கு முன்னுள்ள தகட்டை ஓயாது கொத்தும். நடுப்பாதையில் மழைநீர் மண்ணை அரித்துப் பெயர்த்து வைத்த கல் ஒன்று, ஊர்தியின் அடிவயிற்றுக்காகக் காத்திருக்கும்.

இவற்றோடு மனிதர் செய்வதும் உண்டு. உரச்சாக்கு, கூரைத்தகடு, எரிவாயுச் சிலிண்டர் என எதை ஏற்றினாலும் அதன் விளிம்பு எங்கேனும் இடிக்கத்தான் செய்யும். எஞ்சினைப் பார்ப்பதற்காக மட்கார்ட்டின் மேல் முழங்காலூன்றி ஏறுவோரும் உண்டு. ஆக, தாக்குதல் வருவது நான்கு இடங்களில்: கீழ்ப்பக்க விளிம்பு, சக்கரத்துக்குப் பின்னுள்ள பகுதி, மட்கார்ட்டின் மேற்றளம், அடிவயிறு. கவசமும் அங்கேதான் வேண்டும். ஏனைய இடங்களில் பூட்டும் தகடு அலங்காரமேயன்றிக் காப்பாகாது.

லாண்ட் ரோவரின் மேனி

தோட்டங்களிலே எந்த வகை வண்டியாயினும் ‘ஜீப்’ என்றே வழங்குவர். ஆயினும் ஜீப்புக்கும் லாண்ட் ரோவருக்கும் மேனியிலே பெரிய வேற்றுமை உண்டு. முன்னதன் மேனி உருக்குத் தகடு. பின்னதன் மேனியில் பெரும்பகுதி அலுமினியம்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் போருக்குப் பிந்திய பஞ்சமே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு, பங்கிட்டுக் கொடுத்தனர். ஆகாயக் கப்பல்களுக்கு வேண்டிய அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ரோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளரான மோரிஸ் வில்க்ஸ், தமது பண்ணையில் பழைய படை ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதனைப் போன்று, ஆனால் உழவருக்கு உகந்ததாய் ஒன்றை ஆக்க எண்ணிய அவர், சட்டத்தை உருக்கினாலும் மேனியை அலுமினியக் கலப்புலோகத்தாலும் அமைத்தார். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் அதனைக் கண்டது. 1958இல் இரண்டாம் வரிசையும் 1971இல் மூன்றாம் வரிசையும் பிறந்தன. 1990இல் அக்குடும்பத்துக்கு டிபெண்டர் என்ற பெயர் வாய்த்தது. அந்தப் பழைய அமைப்பின் இறுதி வண்டி 2016 ஜனவரி 29இல் சொலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது.

இலங்கையின் துரைமார் பங்களாக்களில் நின்ற இவ்வண்டிகள், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தையும், 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்கு மாறியதையும் கண்டவை. இத்தகைய ஆயுள் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து, 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ உச்சிக்கு மக்களைப் பல தசாப்தங்களாக ஏற்றிச் சென்றவையும் 1950ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த லாண்ட் ரோவர்களே. இவ்வளவு காலம் அவை எவ்வாறு நின்றன? மேனி துருப்பிடிக்கவில்லை என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஏன் துருப்பிடிக்கவில்லை?

பிறவிக் கவசம்

பாரதக் கதையில் கர்ணன் கவசத்தோடு பிறந்தான். மற்ற வீரர் அணிந்த கவசம் கொல்லன் செய்தது. அவனுடையதோ உடலோடு ஒட்டியது. உடலுக்கும் அதற்கும் இடைவெளி கிடையாது. உலோகங்களுக்குள் அலுமினியத்தைக் கர்ணன் என்று கூறலாம்.

அலுமினியத்தைக் கீறினால் புதிய உலோகம் வெளிப்படும். வெளிப்பட்ட கணத்திலேயே காற்றிலுள்ள ஒட்சிசன் அதனோடு சேர்ந்து அலுமினியம் ஒட்சைட்டு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்கிவிடுகின்றது. அப்படலம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்பே உடையது. ஆனால் அது உலோகத்தோடு இறுகப் பற்றி நின்று, மேற்கொண்டு காற்றையும் நீரையும் உள்ளே விடாது. இரும்பின் துருவோ அவ்வாறன்று. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியம் தப்புவதும் இரும்பு அழிவதும் இதனாலேதான்.

இந்தப் பிறவிக் கவசத்துக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, படலம் கிழிந்தால் மீண்டும் உண்டாவதற்கு ஒட்சிசன் வேண்டும். மற்றொன்று, உப்பும் காரமும் புளிப்பும் அதனைத் தொடர்ந்து தீண்டாதிருக்க வேண்டும். நம் தாய்மார் இதனை இரசாயனம் படிக்காமலே அறிவர். புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் வைக்கலாகாது என்று அவர்கள் சொல்வது வீண் சாத்திரமன்று. வைத்தால் பாத்திரத்தின் அடியிலே புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்.

போர்த்திய கவசம் செய்யும் கேடு

இனி, இந்த அலுமினிய மேனியின் மீது மற்றொரு தகட்டைப் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். மழைநீர் அதில் ஏறும். ஏறியது எளிதில் உலராது. அதனோடு சேறும் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஈரச் சேறு அடைந்த இடத்தில் ஒட்சிசன் குறையும். கிழிந்த படலம் மீண்டும் உருவாக வழியில்லாது போகும். கர்ணனிடமிருந்து பிறவிக் கவசத்தை இரந்து பெற்றுக்கொண்டு, ஓட்டைக் கவசம் ஒன்றைக் கொடுத்த கதை ஆகிவிடும்.

பூட்டிய தகடு உருக்கானால் கேடு இரட்டிப்பாகும். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, அவற்றை உப்புக் கலந்த நீர் நனைத்தால், அங்கே ஒரு சிறிய மின்கலம் தோன்றுகின்றது. அம்மின்கலத்தில் அலுமினியம் தன்னை இழக்கும், உருக்கு தப்பும். ஆகவேதான் சில வண்டிகளில் போல்ட்டு பளபளப்பாகவே இருக்க, அதனைச் சுற்றியுள்ள மேனி மட்டும் வெள்ளை மாவாகப் பொரிந்து உதிர்வதைக் காண்கிறோம். நோக்குவோர், ‘போல்ட்டுக்குத் துருவில்லை, ஆகவே பழுதில்லை’ என்று ஏமாந்துபோவர்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய உருக்கு போல்ட்டு ஒன்று இருப்பின் அழிவு பரந்து, மெதுவாக நடக்கும். பெரிய உருக்குத் தகட்டுக்கு அடியில், பெயின்ற் உரிந்த சிறு கீறலாக அலுமினியம் வெளிப்பட்டிருந்தால், அழிவு முழுவதும் அக்கீறலிலேயே குவிந்து விரைவில் துளையாகும். எனவே அலுமினிய மேனிக்கு மட்டும் பெயின்ற் பூசி, உருக்குத் தகட்டின் உட்புறத்தை வெறுமனே விடுவது பெரும் பிழை. உருக்குக்கும் இருபுறமும் பூச்சு வேண்டும்.

‘கடலோ பதுளைக்குத் தொலைவு, உப்பு எங்கிருந்து வரும்?’ என்று கேட்கலாம். உப்பு உரச்சாக்கிலே வருகின்றது. தேயிலைக்கு இடும் உரங்களில் யூரியா, அமோனியம் சல்பேற்று, பொட்டாசியம் குளோரைட்டு ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றுள் குளோரைட்டு, சமையல் உப்பிலுள்ள அதே பகைவன். பின்தட்டில் சிந்திய உரம் மழையில் கரைந்து தகட்டிடுக்கில் இறங்குமாயின், கடற்கரையில் நிறுத்திய வண்டிக்கு நேரும் கதி மலையுச்சி வண்டிக்கும் நேரும். உரம் ஏற்றிய நாளில் வண்டியை நன்னீரால் கழுவிவிடுவது, ஆயிரம் ரூபாய்ப் பூச்சிலும் சிறந்த காப்பாகும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அலுமினியத் தாளை மட்டும் இடுங்கள். மற்றதில் அதே அளவு தாளை, நன்றாகத் தேய்த்துத் துலக்கிய இரும்பாணியில் இறுகச் சுற்றி இடுங்கள். சில நாட்கள் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணியைத் தொட்ட தாள் அதிகம் அரிக்கப்பட்டிருக்கும். ஆணிக்குத் தன்னை ஈந்தது அந்தத் தாள் என்பது விளங்கும்.

பூட்டும் முறை

அவ்வாறாயின் தகடே பூட்டலாகாதா? பூட்டலாம், முறையறிந்து பூட்டவேண்டும். கராஜ்களில் ‘செக்கர் பிளேட்’ என்று வழங்கும் புடைப்புத் தகடே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றது. காலூன்றினால் வழுக்காதிருப்பதற்காக அதன் மேற்பரப்பில் வரிவரியாக மேடுகள் எழுப்பப்பட்டிருக்கும். லாண்ட் ரோவருக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியச் செக்கர் பிளேட்டே ஏற்றது. இரண்டும் ஒரே இனமாதலால் மேற்கூறிய மின்கலத் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் ஈரம் தேங்கும் தொல்லை அதற்கும் உண்டு என்பதை மறக்கலாகாது.

முதல் வேலை கழுவுதல். மேனியைக் கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பொரிவு உள்ளதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் ஒளிரும் உலோகம் தெரியுமட்டும் தேய்த்து, அலுமினியத்துக்கு உரிய முதற்பூச்சை இட்டு, அதன்மேல் பெயின்ற் பூசவேண்டும். ஓட்டையை மறைப்பதற்காகத் தகடு பூட்டுவது, சீழ்கொண்ட புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது.

அடுத்தது அளவெடுத்தல். கடதாசி மட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்த பின்னரே தகட்டை வெட்டுவது நன்று. கதவு முழுவதும் திறக்கிறதா, சக்கரத்தை இருபுறமும் முழுவதாகத் திருப்பினாலும், வில்லுகள் அமுங்கினாலும், டயர் தகட்டிலே உராயாதா என்று சோதிக்கவேண்டும். கதவுகளின் அடியிலும் கீழ்ப்பக்கத்திலும் நீர் வடிவதற்காகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றைத் தகடு மூடிவிடலாகாது.

வெட்டிய தகட்டின் மூலைகளை வட்டமாக்கி, விளிம்புகளை அரத்தால் ராவி மழுக்கவேண்டும். இஃது அழகுக்காக அன்று. ஒடுங்கிய தோட்டப் பாதையில் கூடை சுமந்து ஓரமாக நடந்து செல்லும் பெண்களை வண்டி உரசுவதுபோற் கடந்து செல்கின்றது. கூரிய மூலை ஒன்று புடைவையைக் கொழுவினாலும் போதும், விபரீதம் நேர்ந்துவிடும். ஊர்திக்குக் கவசம், ஊராருக்கு வாள் ஆகிவிடக்கூடாது.

துளையிடுமுன் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மின்கம்பியும் பிறேக் குழாயும் எரிபொருள் குழாயும் மறைவிலேதான் ஓடுகின்றன. பழைய லாண்ட் ரோவர்களில் எரிபொருள் தாங்கி இருக்கையின் அடியிலேயே இருக்கும். அதன் அருகே ஒட்டுவேலை செய்வது தீயோடு விளையாடுவதாகும். கூடுமானவரை ஏற்கெனவே உள்ள போல்ட்டுத் துளைகளையே பயன்படுத்தலாம். புதிய துளையானால் அதன் உள்விளிம்புக்கும் பெயின்ற் தொடவேண்டும். போல்ட்டின் தலைக்கும் மேனிக்கும் இடையே நைலோன் வாஷர் இட்டால் உலோகம் உலோகத்தைத் தொடாது. அலுமினியம் மிருதுவானது, மிகை இறுக்கம் அதனை நெளித்துவிடும்.

இரண்டு தகடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை என்ன செய்வது? இதற்கு இரண்டு நல்ல வழிகளும் ஒரு தீய வழியும் உண்டு. முதலாவது, நீர்புகாப் பசையை முழுப் பரப்பிலும் பூசி, இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடுதல். இரண்டாவது, வாஷர்களை வைத்துச் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, மேல்விளிம்பை மட்டும் அடைத்து, கீழ்விளிம்பைத் திறந்துவிடுதல். அப்படிச் செய்தால் நீர் வடியும், காற்று உலாவும். தீய வழி என்னவெனில், மெத்தென்று இருக்கட்டும் என எண்ணிப் பஞ்சையோ கம்பளித் துணியையோ சாக்கையோ இடையில் வைப்பது. அவை நீரைக் குடித்து மாதக்கணக்கில் வைத்திருக்கும். மலைநாட்டுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது நம் கருத்து. ஏனெனில் அதனைக் கழற்றிப் பார்க்க முடியும்.

கழற்றிப் பார்ப்பதை ஏன் வலியுறுத்துகிறோம்? கோயில்களில் மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதை யாவரும் கண்டிருப்போம். அதனை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுவதில்லை. களைந்து, அபிஷேகம் செய்து, துடைத்து, மீண்டும் சாத்துகிறார்கள். ஊர்தியின் கவசத்துக்கும் அதுவே நெறி. ஊவாவின் கிழக்குச் சரிவுகளுக்குப் பெருமழை தருவது ஒக்டோபர் தொட்டு ஜனவரி வரையிலான காலம். ஆகவே மழை ஓய்ந்த பின், தைக்கும் மாசிக்கும் இடையே ஒரு நாள் தகடுகளைக் கழற்றி, உள்ளே கழுவி, உலரவிட்டு, பூச்சு உரிந்த இடத்தைச் சரிசெய்து பூட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அஞ்சவேண்டியதில்லை.

அடிவயிற்றுக்குக் காப்பு

பக்கத்துத் தகடு தோலுக்குக் காப்பு. அடித்தகடு உயிர்நிலைக்குக் காப்பு. எஞ்சின் எண்ணெய் தங்கும் சம்ப், திசைதிருப்பும் தண்டுகள், எரிபொருள் தாங்கி ஆகியவை கல்லிலே மோதினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இவற்றைக் காக்கும் தகடு 4 முதல் 6 மில்லிமீற்றர் உருக்கு ஆதல் வேண்டும். அதனை மேனியில் அன்று, சட்டத்திலே பூட்டவேண்டும். வண்டியின் முழு நிறையும் ஒரு கணம் அதன்மேல் ஊன்றக்கூடும். மெல்லிய மேனி அதனைத் தாங்காது. அதே காரணத்தால் பக்கத்துச் செக்கர் பிளேட்டின் அடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க முற்படலாகாது.

சட்டம் உருக்கு என்றோம். பழைய வண்டியின் பெட்டிவடிவச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மண்பானை வாங்குவோர் விரலாற் சுண்டி ஓசை கேட்பது போல, தகடு பூட்டுமுன் சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீர் என்றால் நலம். மந்தமாக ஒலித்தால் உள்ளே உலோகம் போய்விட்டது என்று பொருள். அத்தகைய சட்டத்துக்கு வேண்டுவது கவசமன்று, வைத்தியம்.

அடித்தகட்டுக்கு நீர் வடியும் துளைகளும், எண்ணெய் மாற்றுவதற்கான வாயிலும் இன்றியமையாதவை. இன்னுமோர் ஆபத்தும் உண்டு. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் மானாப்புல் வெளிகள் காய்ந்து சருகாகிவிடும். அந்தப் புல்லும் சருகும் அடித்தகட்டின்மேற் சேர்ந்து, கசிந்த எண்ணெயில் ஊறி, கொதிக்கும் புகைக்குழாயைத் தொட்டால் தீப்பற்றும். மழைக்காலத்தில் சேற்றையும் வெயிற்காலத்தில் சருகையும் வாரி எறிவது சாரதியின் வாராந்தக் கடமையாக இருத்தல் வேண்டும்.

கவசத்தின் விலை நிறை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகட்டின் கனவளவு ஒன்றரை லீற்றர். அது அலுமினியமானால் ஏறத்தாழ 4 கிலோகிராம். உருக்கானால் ஏறத்தாழ 12 கிலோகிராம். இவ்வாறு ஐந்து தகடுகளை உருக்கிலே பூட்டினால் 60 கிலோகிராம் ஏறிவிடும். அது ஒரு மனிதனின் நிறை. கூலியில்லாமல், இறங்காமல், என்றென்றும் வண்டியிலேயே குந்தியிருக்கும் ஒரு பிரயாணியை ஏற்றிக்கொண்டதாக எண்ணிக்கொள்ளலாம்.

அந்தப் பிரயாணி ஏற்றத்தில் எரிபொருளைக் குடிப்பான். இறக்கத்தில் பிறேக்கைக் காய்ச்சுவான். பழைய வரிசை லாண்ட் ரோவர்களின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை உருளைப் பிறேக்குகள். நெடிய இறக்கத்தில் ஓயாது அழுத்தினால் அவை சூடேறிப் பிடிப்பிழக்கும் இயல்புடையவை. எனவே தேவையான இடத்தில் தேவையான தடிப்பு என்பதே விதியாதல் வேண்டும். புதிய ரக வண்டிகளிலோ, மோதலின்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளும் பாகங்களும், காற்றுப்பைகளை இயக்கும் உணர்கருவிகளும் முன்புறத்தில் அமைந்திருக்கும். அவற்றின்மேல் மனம்போனபடி இரும்பு பூட்டினால் உள்ளிருப்போருக்கே தீங்கு. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளை விசாரித்து அறிந்துகொள்வதும் முறையாகும்.

எதனைக் காக்கிறோம்?

ஒரு பழைய வண்டியின் தகட்டுக்காக இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தோட்டத்தில் வாழ்வோர் அவ்வாறு எண்ணமாட்டார். 2016இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பெரிய வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தார்ப்பாதை முடிந்து கற்பாதை தொடங்கும் இடங்களில், இரவிலே பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ, குளவி கொட்டி மூச்சுத்திணறும் தொழிலாளியையோ கீழே கொண்டுவர, கிடைத்த வண்டியே துணை. அந்த நேரத்தில் சம்ப் உடைந்தோ, உள்ளே உளுத்த சட்டம் முறிந்தோ வண்டி நின்றால், இழப்பது தகடன்று, உயிர்.

அதே சமயம் கவசத்தால் ஆகாதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலையே சரிந்து மூடியது. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்து, பசறை 13ஆம் கட்டையருகே, வீழ்ந்திருந்த பாறையால் பாதை ஒடுங்கிய இடத்தில் பள்ளத்திலே வீழ்ந்து பலர் மாண்டனர். மண் சரியும்போதும் சக்கரம் பாதையை விட்டு விலகும்போதும் எத்தகடும் துணைவராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில், வண்டியை மலையேற்றாதிருப்பதே காப்பு. தகடு பூட்டிய வண்டி என்ற துணிச்சலால் வேகம் கூட்டுவோன், கவசத்தையே பகையாக்கிக் கொள்கிறான்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? அலுமினியத்துக்குப் பிறவிக் கவசம் இருக்கின்றது. அதற்கு வேண்டுவது காற்றும் தூய்மையும். சட்டத்துக்கு வேண்டுவது கண்காணிப்பு. சாரதிக்கு வேண்டுவது நிதானம். இம்மூன்றும் இருக்கும் வண்டிக்கே நாம் பூட்டும் தகடு துணைசெய்யும். தகடு பூட்டிய அன்பர்கள் இவ்வாண்டு மழை ஓய்ந்ததும் அதனை ஒருமுறை கழற்றி, அதன் பின்புறத்தைப் பார்ப்பார்களாக. அங்கே வெள்ளை மாவு காணப்படாவிடின், கவசம் தன் வேலையைச் செய்கின்றது என்று மனநிறைவோடு மீண்டும் பூட்டலாம். காணப்படின், கெட்டது இன்னும் சிறிதாய் இருக்கும்போதே கண்டுகொண்டோம் என்று மகிழலாம்.